குடும்பக் கார் வாங்குமுன்: விமர்சகர் சொல்வதையும் ஓட்டுகிறவர் சொல்வதையும் சேர்த்துப் படிப்பது எப்படி?

எங்கள் வீட்டில் முதன்முதலாக ஏழு இருக்கை கார் வாங்கியபோது பத்துப் பதினைந்து வீடியோ விமர்சனங்களாவது பார்த்திருப்பேன். மூன்றாம் வரிசையில் பெரியவர்களும் தாராளமாக உட்காரலாம் என்று ஏறக்குறைய எல்லோருமே சொன்னார்கள். கார் வந்த இரண்டாவது வாரம் ஆறு பேராகக் குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பினோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. நடு இருக்கையை மடக்கி, ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து, முதுகைக் குனிந்துகொண்டே ஏற வேண்டிய இடம் அது. அம்மாவால் ஏற முடியவில்லை. பிள்ளைகள் இருவரையும் பின்னால் அனுப்பினோம். ஏசி காற்று அங்கே சரியாகப் போகவில்லை, அரை மணி நேரத்தில் சின்னவள் வாந்தி எடுத்துவிட்டாள். பொங்கல் பானையும் துணிப்பையும் வைக்க டிக்கியில் இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு போனோம்.

எங்கள் அடுத்த தெருவில் ஒருவர் அதே காரை ஒரு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் ஐந்து நிமிடம் நின்று பேசியிருந்தால் இத்தனையும் முன்பே தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு வீட்டிலும் சொந்தத்திலும் நட்பிலும் யார் கார் வாங்கினாலும் நான் கூடப் போகிறேன். அந்த அனுபவத்தில் பழகிப்போன ஒரு முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் கார் வாங்குகிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். விமர்சகர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்குக் கிடைப்பது சில மணி நேரம், மிஞ்சினால் சில நாட்கள். புதுக் கார், நல்ல சாலை, பெரும்பாலும் தனியாகவோ ஒரு கேமராக்காரரோடோ பயணம். 'இந்தக் கார் இன்று எப்படி இருக்கிறது?' என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்கிறார்கள். குடும்பத்தோடு வாங்குகிறவருக்கோ 'மூன்று வருடம் கழித்து, ஐந்து பேரோடு, என் ஊர்ச் சாலையில் எப்படி இருக்கும்?' என்பது கேள்வி. அதற்கான பதில் அந்தக் காரை ஓட்டித் தேய்த்தவரிடம்தான் இருக்கும்.

1. விமர்சனம் பார்க்குமுன் உங்கள் வீட்டுக் கணக்கை எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? அதில் நகர நெரிசல் எவ்வளவு, நெடுஞ்சாலை எவ்வளவு? வழக்கமாக எத்தனை பேர் ஏறுவார்கள்? வயதானவர், கைக்குழந்தை உண்டா? வீட்டு வாசலில் சரிவு இருக்கிறதா? வருடத்துக்கு எத்தனை முறை மலை ஏறுவீர்கள்? காரை நிறுத்தும் இடம் வெயிலா, நிழலா?

இதை எழுதாமல் வீடியோ பார்க்க உட்கார்ந்தால், விமர்சகருக்கு எது முக்கியமோ அது உங்களுக்கும் முக்கியமாகிவிடும். சன்ரூஃப் அப்படித்தான் பலருடைய பட்டியலில் நுழைகிறது. மே மாதத்து மதுரை வெயிலில் அதை எத்தனை நாள் திறப்பீர்கள் என்று எந்த வீடியோவும் உங்களைக் கேட்காது.

2. விமர்சனத்திலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது

புதிய மாடல் வரும்போது நிறுவனம் பத்திரிகையாளர்களை ஓர் ஊருக்கு அழைத்துப்போய் ஓட்டக் கொடுக்கும். விமானம், தங்குமிடம் எல்லாம் பெரும்பாலும் நிறுவனச் செலவு. கட்டுரைகளையும் வீடியோக்களையும் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகுதான் வெளியிடலாம் என்பது ஏற்பாடு. அதனால்தான் ஒரே காலையில் இருபது விமர்சனங்கள் வந்து விழுகின்றன. கடுமையாக எழுதினால் அடுத்த கார் கைக்கு வருமா என்ற கவலை எழுதுகிறவருக்கு இருப்பது இயல்பு. இதை மீறியும் நேர்மையாக எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் அவர்கள்கூடக் குறையை மென்மையாகத்தான் சொல்வார்கள். அந்த மென்மையைப் படிக்கப் பழக வேண்டும். 'நகரத்தில் சற்றுப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும்' என்றால் நெரிசலில் கியர் உதறுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். 'குறுகிய பயணத்துக்கு மூன்றாம் வரிசை போதும்' என்றால் நீண்ட பயணத்துக்குப் போதாது.

ஒரே மாடல் வசதிக்கும் விலைக்கும் ஏற்பப் பல வேரியன்டுகளில் வரும். விமர்சகர்கள் கையில் கொடுக்கப்படுவது வழக்கமாக விலை உயர்ந்த வேரியன்ட். நீங்கள் வாங்கப்போவது நடு வேரியன்ட் என்றால் டயர் அளவு, முகப்பு விளக்கு, ஸ்பீக்கர், பின்பக்க வைப்பர், ஓட்டுநர் இருக்கையை உயர்த்தும் வசதி எல்லாமே வேறாக இருக்கலாம். சில மாடல்களில் எஞ்சினே வேறு. இரவில் அதிகம் ஓட்டுகிறவர் விளக்கை மட்டுமாவது கவனியுங்கள். வீடியோவில் பளீரென்று எரிந்த எல்.இ.டி. விளக்கு உங்கள் வேரியன்டில் சாதாரண ஹாலஜனாக இருந்தால், மழை இரவில் அது பெரிய வித்தியாசம்.

அப்புறம், பணம் வாங்கிச் செய்யும் விளம்பர வீடியோ. சமூக ஊடகங்களில் பொருளைப் பரிந்துரைக்கிறவர்கள், பணமோ பரிசோ பெற்றிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. வீடியோவின் தொடக்கத்திலும் கீழே உள்ள குறிப்பிலும் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, விமர்சனத்தில் நம்பி எடுக்கக்கூடியது எது? நிறைய இருக்கிறது. பல கார்களை ஓட்டியவர் என்பதால், எஞ்சின் சத்தம், சஸ்பென்ஷன் மென்மை, வளைவில் உடல் சாயும் அளவு, பிரேக்கின் பிடிப்பு ஆகியவற்றைப் போட்டிக் கார்களோடு ஒப்பிட்டுச் சொல்ல அவரால் முடியும். ஒரே காரை மட்டும் வைத்திருக்கும் உரிமையாளரால் அது முடியாது. அளந்து சொல்லப்படும் எண்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, மூன்று வரிசை இருக்கைகளையும் நிமிர்த்தி வைத்தால் மாருதி எர்டிகாவின் டிக்கி 209 லிட்டர், கியா கேரன்ஸுடையது 216 லிட்டர், ரெனோ டிரைபருடையது வெறும் 84 லிட்டர். ஏழு பேரும் அவர்களுடைய பெட்டிகளும் ஒரே நேரத்தில் போக முடியாது என்பது அந்த எண்களிலேயே தெரிந்துவிடும்.

3. உரிமையாளர்களை எங்கே பிடிப்பது

இந்தப் படிதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். பலர் கூச்சப்பட்டுக்கொண்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நீங்கள் நினைக்கும் மாடல் டாக்ஸியாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் உங்களுக்கு அதிர்ஷ்டம். நீங்கள் ஐந்து வருடத்தில் ஓட்டுவதை டாக்ஸி ஓட்டுநர் ஒரு வருடத்தில் ஓட்டிவிடுவார். ஒருமுறை கொல்லிமலைக்கு வாடகைக் காரில் போனபோது, எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்த ஓட்டுநர் அண்ணன் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். ஆறு பேரோடு ஏசி போட்டால் எந்த வளைவில் முதல் கியருக்கு இறங்க வேண்டும், பிரேக் பேட் எத்தனை கிலோமீட்டரில் மாற்றினார், கிளட்ச் எப்போது போனது, எந்த ஸ்பேர் கிடைக்க நாளாகும் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு இருந்தது. எந்த விமர்சனத்திலும் அந்தக் கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்தது சர்வீஸ் சென்டர். காலை ஒன்பது மணிக்குக் காரை விட வருகிறவர்கள் அங்கே வரிசையில் நிற்பார்கள். 'அண்ணா, இந்த வண்டி வாங்கலாம்னு இருக்கேன், எப்படி இருக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். முகம் கொடுக்காதவர் அரிது. மாலையில் வண்டி எடுக்க வருகிறவர்களிடம் பில் தொகையைக் கேட்கலாம். எந்த ஷோரூமும் சொல்லாத சர்வீஸ் செலவு அங்கே தெரியும்.

வெளியே தனியாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக்கையும் விடாதீர்கள். வாரண்டி முடிந்த கார்கள் அவரிடம்தான் வந்து சேரும். எந்த மாடல் நாலைந்து வருடத்தில் என்ன கோளாறோடு வருகிறது என்று அவர் சொல்வார். பழைய கார் விற்பவரிடம் ஒரு கேள்வி போதும்: 'இந்த மாடல் விற்பனைக்கு வந்தால் உடனே வாங்குவீர்களா, யோசிப்பீர்களா?'

வந்து சில மாதமே ஆன மாடல் என்றால் அனுபவம் உள்ளவர் யாரும் கிடைக்க மாட்டார். அப்போது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தனியாகத் தேடுங்கள். பெரும்பாலும் அதே எஞ்சினும் கியர்பாக்ஸும் அந்த நிறுவனத்தின் வேறொரு பழைய மாடலில் ஓடிக்கொண்டிருக்கும்.

4. என்ன கேட்பது

'கார் நல்லா இருக்கா?' என்று கேட்டால் 'சூப்பரா இருக்கு' என்றுதான் பதில் வரும். பதினைந்து லட்சம் கொடுத்து வாங்கியதைத் தப்பு என்று முன்பின் தெரியாதவரிடம் யார் ஒத்துக்கொள்வார்? அதனால் கருத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். இதுவரை எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? சர்வீஸ் தேதி தவிர வேறு எதற்காவது ஒர்க்‌ஷாப் போனதுண்டா? என்ன பாகம் மாற்றினார்கள்? வாரண்டியில் மாற்றினார்களா, கைக்காசா? வண்டி எத்தனை நாள் அங்கேயே நின்றது? கடைசி சர்வீஸ் பில் எவ்வளவு? வீட்டில் பின்னால் உட்காருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்?

கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை நான் எப்போதும் குறித்து வைப்பேன். ஓட்டுகிறவருக்குத் தெரியாத காரைப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்தான் அறிவார். முடிந்தால் அவர் மனைவியிடமோ அம்மாவிடமோ நேரடியாகக் கேளுங்கள்.

5. கேட்டதை எடை போடுவது

உரிமையாளர் சொல்வதெல்லாம் வேதம் என்று நினைப்பதும் தவறு. கோபத்தில் இருப்பவர் ஊரெல்லாம் எழுதுவார். நிம்மதியாக ஓட்டுகிறவர் எழுதவே மாட்டார். வாங்கி ஒரு மாதமான மகிழ்ச்சியில் எழுதுகிறவர் குறையைப் பார்த்திருக்கவே மாட்டார். ஆயிரம் கிலோமீட்டரில் எழுதப்பட்ட 'உரிமையாளர் அனுபவம்' என்பது நீளமான டெஸ்ட் டிரைவ், அவ்வளவுதான். நான் இருபதாயிரம் கிலோமீட்டருக்குக் கீழே உள்ளதைப் படிப்பேன், ஆனால் கணக்கில் சேர்ப்பதில்லை.

எதைச் சேர்க்கலாம் என்றால், ஒருவரை ஒருவர் அறியாத மூன்று நான்கு பேர், ஏறத்தாழ ஒரே கிலோமீட்டரில், ஒரே பாகத்தைப் பற்றிச் சொன்னால் அதைச் சேர்க்கலாம். 'மோசமான வண்டி, வாங்காதீர்கள்' என்பதால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. 'நாற்பதாயிரம் கிலோமீட்டரில் முன்பக்க சஸ்பென்ஷன் புஷ் போனது, இரண்டு பக்கமும் மாற்றினேன்' என்பது தகவல்.

மகிழ்ச்சியும் பழுதின்மையும் வேறு வேறு என்பதையும் மனதில் வையுங்கள். அமெரிக்காவில் 1936 முதல் இயங்கும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமைப்பு, விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்கும் கார்களைத் தன் காசிலேயே, யார் வாங்குகிறார்கள் என்று காட்டிக்கொள்ளாமல் வாங்குகிறது. 2015 ஆகஸ்டில் டெஸ்லா மாடல் எஸ் காரின் ஒரு வகைக்கு அது நூற்றுக்கு 103 மதிப்பெண் கொடுத்தது. அளவுகோலுக்கே மிஞ்சிய கார் என்பதால் அளவுகோலையே திருத்த வேண்டியிருந்தது. இரண்டே மாதத்தில், அக்டோபரில், சுமார் 1,400 உரிமையாளர்களிடமிருந்து வந்த பதில்களைப் பார்த்துவிட்டு அதே மாடலுக்குக் கொடுத்திருந்த பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. பழுதுகள் சராசரியைவிட அதிகம் என்பது காரணம். அதே உரிமையாளர்களில் 97 சதவீதம் பேர் மறுபடியும் இதையே வாங்குவேன் என்று சொல்லியிருந்தார்கள் என்பதுதான் எனக்கு மறக்க முடியாத பகுதி. ஒரே காருக்கு மூன்று பதில்கள், மூன்றுமே உண்மை. ஓட்ட அற்புதம், அடிக்கடி பழுது, ஆனாலும் பிடிக்கும். உங்கள் வீட்டுக்கு அதில் எது முக்கியம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே கார்தான் வீட்டில், அதில்தான் தினமும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும் என்றால் நான் பழுதின்மை பக்கம்தான் நிற்பேன்.

விளம்பரங்களில் வரும் தரப் பரிசுகளிலும் இதே கவனம் வேண்டும். கார் உரிமையாளர்களிடம் கேட்டு ஜே.டி. பவர் என்ற நிறுவனம் நடத்தும் ஆய்வுகளில் 'ஆரம்பத் தரம்' என்பது வாங்கிய முதல் 90 நாட்களைப் பற்றியது. 'நீடித்த உழைப்பு' ஆய்வு மூன்று வருடமான கார்களைப் பற்றியது. இரண்டும் பரிசுதான், ஆனால் இரண்டாவதுதான் நம் கேள்விக்குப் பக்கத்தில் இருக்கிறது.

6. கியர்பாக்ஸுக்கு ஒரு தனி நாள் ஒதுக்குங்கள்

விமர்சனமும் உரிமையாளர் அனுபவமும் எங்கே அதிகம் மோதுகின்றன என்று கேட்டால், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்பேன். காரணம் எளிது. விமர்சகர் ஓட்டுவது திறந்த சாலையில். கியர்பாக்ஸ் சோதிக்கப்படுவது கிளாம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை ஊர்ந்து போகும் ஒரு ஞாயிறு மாலையில்.

ஃபோர்டு நிறுவனத்தின் பவர்ஷிப்ட் என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் (இரண்டு கிளட்சுகள் மாறி மாறி வேலை செய்து கியரை மாற்றும் வகை) இதற்குப் பெரிய உதாரணம். அது பொருத்தப்பட்ட ஃபியஸ்டா, ஃபோக்கஸ் கார்கள் ஓட்டுவதற்கு இனிமையானவை என்று விமர்சகர்களிடம் நல்ல பெயர் வாங்கியவை. மெதுவாகப் போகும்போது கியர் முரண்டுபிடிக்கிறது என்று எழுதிய விமர்சகர்களும் இருந்தார்கள், ஆனால் அது பல வரிகளுக்கிடையே ஒரு வரி. வாங்கியவர்களுக்கு அந்த ஒரு வரிதான் தினசரி வாழ்க்கையானது. மெதுவான வேகத்தில் உதறல், நடுவழியில் இழுவை இழப்பது என்று புகார்கள் குவிந்தன. ஆஸ்திரேலியாவில் நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. புகார் சொன்னவர்களிடம், கோளாறு நீங்கள் ஓட்டும் விதத்தில்தான் என்று ஃபோர்டு தரப்பில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். 2018 ஏப்ரலில் அந்நாட்டு கூட்டாட்சி நீதிமன்றம் நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அந்த வழக்கில் ஃபியஸ்டா, ஃபோக்கஸ் ஆகியவற்றோடு எக்கோஸ்போர்ட்டும் இருந்தது. நம் மறைமலைநகர் ஆலையில் தயாரான மாடல் அது. 2017-ல் இங்கே வந்த புதுப்பிக்கப்பட்ட எக்கோஸ்போர்ட்டில் இரட்டை கிளட்சை விட்டுவிட்டு, எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகைக்கு மாறினார்கள். ஃபோக்ஸ்வேகனும் 2013-ல் சீனாவில் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் கோளாறுக்காக 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது.

இதனால் இரட்டை கிளட்ச் என்றாலே ஒதுக்கிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. எது எங்கே திணறும் என்று தெரிந்து வாங்க வேண்டும். எண்ணெயில் மூழ்காத உலர் வகை இரட்டை கிளட்ச், நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது சூடாகும். நீங்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர் என்றால் அதன் வேகமான கியர் மாற்றம் பிடித்துப்போகும். 2014-ல் மாருதி செலேரியோவில் தொடங்கி இங்கே பரவிய ஏ.எம்.டி., மேனுவல் கியர்பாக்ஸையே இயந்திரம் மாற்றித் தருகிற ஏற்பாடு. விலையும் பராமரிப்பும் குறைவு. ஆனால் கியர் மாறும்போது தலை ஆடும், மேட்டில் நின்று கிளம்பும்போது பின்னால் உருளலாம். படிப்படியான கியர்கள் இல்லாத சி.வி.டி. நகரத்தில் வழுக்கிக்கொண்டு போகும், அவசரமாக மிதித்தால் எஞ்சின் இரையுமே தவிர வேகம் கொஞ்சம் தாமதமாக வரும். டார்க் கன்வெர்ட்டர் பழைய முறை, மைலேஜ் கொஞ்சம் குறையலாம், நெரிசலைத் தாங்கும். முதல் கார், நகர ஓட்டம், ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சி.வி.டி. அல்லது டார்க் கன்வெர்ட்டரைத்தான் முதலில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

டீசல் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகு டீசல் கார்களில் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடாகிக் கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வெளியேறும். தினமும் மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கும் வீட்டுக்குமாக ஓடினால் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்த விமர்சகருக்கு அந்த விளக்கு எரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

7. மைலேஜ், பாதுகாப்பு நட்சத்திரம்: எண்ணைப் படிக்கும் முறை

ஷோரூமில் சொல்லும் மைலேஜ் ஆய்வகத்தில் எடுத்தது. கார் உருளைகள் மேல் ஓடும், ஏசி அணைக்கப்பட்டிருக்கும், உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். எல்லாக் கார்களுக்கும் ஒரே சோதனை என்பதால் இரண்டு கார்களை ஒப்பிட அந்த எண் உதவும். உங்கள் பெட்ரோல் செலவைக் கணக்கிட உதவாது. எர்டிகா 1.5 பெட்ரோல் மேனுவலுக்குச் சான்றளித்த மைலேஜ் லிட்டருக்கு 20.51 கிலோமீட்டர். ஏசியோடு நகரத்தில் ஓட்டுகிறவர்கள் 12 முதல் 14 வரை சொல்வார்கள், நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகிறவர்கள் 18 என்பார்கள். இரண்டு பேருமே சரி. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், சில வருடம் முன்பு எழுதப்பட்ட அனுபவங்களில் உள்ள மைலேஜிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் மைலேஜ் சொன்னால் எப்படிக் கணக்கிட்டார் என்று கேளுங்கள். டேங்க் நிரம்பி பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்பி, மீட்டரை பூஜ்யமாக்கி, ஓட்டி, மறுபடியும் அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்பிப் பார்த்திருந்தால் நம்பலாம். 412 கிலோமீட்டருக்கு 29.5 லிட்டர் என்றால் 14. டிஸ்பிளே காட்டும் எண் பல கார்களில் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும்.

காரை மோதிச் சோதித்து ஐந்துக்கு இத்தனை என்று கொடுக்கும் பாதுகாப்பு நட்சத்திரத்தை மட்டும் உரிமையாளரிடம் கேட்காதீர்கள். மோதிப் பார்க்காத ஒருவருக்கு அது தெரிய வழியில்லை. கதவு சாத்தும்போது 'டம்' என்று கேட்கிறது, அதனால் கெட்டியான வண்டி என்பார்கள். அந்தச் சத்தத்துக்கும் விபத்தில் உடல் தாங்குவதற்கும் தொடர்பில்லை. 2014-ல் குளோபல் என்கேப் என்ற சர்வதேச அமைப்பு முதன்முதலாக இந்திய கார்களை மோதிச் சோதித்தபோது, முதலில் சோதித்த ஐந்து மாடல்களும் பூஜ்யம் வாங்கின. அவற்றில் கெட்டியான கார் என்று ஊரே நம்பிய ஃபோக்ஸ்வேகன் போலோவின் அடிப்படை வேரியன்டும் உண்டு. ஏர்பேக் இல்லாததால் வந்த பூஜ்யம் அது. ஏர்பேக் பொருத்திய போலோ நான்கு நட்சத்திரம் வாங்கியது.

நட்சத்திரம் எந்த வருடத்தில் வாங்கியது என்றும் பாருங்கள். எர்டிகா 2019-ல் மூன்று வாங்கியது. 2022-ல் விதிகள் கடுமையாகின. 2024-ல் ஆப்பிரிக்கச் சந்தைக்கான, இந்தியாவில் தயாரான எர்டிகா சோதிக்கப்பட்டபோது பெரியவர் பாதுகாப்புக்கு ஒன்றுதான் கிடைத்தது. அதனால் 2019 நட்சத்திரத்தையும் 2024 நட்சத்திரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனை நடக்கிறது. அதன் அறிக்கையில் பெரியவருக்கும் குழந்தைக்கும் தனித்தனி மதிப்பெண் இருக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் இரண்டாவதைத் தேடிப் படியுங்கள்.

8. டெஸ்ட் டிரைவுக்கு வீட்டையே கூட்டிப் போங்கள்

ஷோரூம்காரர் காட்டும் இரண்டு கிலோமீட்டர் பாதை சமமாக, காலியாக இருக்கும். உங்கள் வீட்டுக்கு வண்டியை வரச் சொல்லுங்கள், பல ஊர்களில் அனுப்புவார்கள். மதியம் ஒரு மணிக்கு வரச் சொல்லுங்கள். அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு ஏசி போட்டு, பின்வரிசை குளிர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். சில கார்களில் கூரையில் இருக்கும் காற்றுத் துளைகளுக்குத் தனிக் குளிரூட்டி கிடையாது. முன்னால் குளிர்ந்த காற்றை இழுத்துப் பின்னால் தள்ளும் விசிறி மட்டும்தான். எங்கள் சின்னவளுக்கு நேர்ந்தது அதனால்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வயதானவரை ஏறி இறங்கச் சொல்லுங்கள், ஒருமுறை அல்ல, மூன்று முறை. வழக்கமாகக் கொண்டுபோகும் பெட்டியை டிக்கியில் வைத்துப் பாருங்கள். சி.என்.ஜி. மாடல் என்றால் டிக்கியைத் திறந்து சிலிண்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் பாருங்கள். குழந்தை இருக்கை வைத்திருந்தால் அதையும் மாட்டிப் பாருங்கள். வீட்டு வாசல் சரிவில் ஏற்றுங்கள், வேகத்தடையில் எல்லோரையும் வைத்து ஏறி இறங்குங்கள். அடி தட்டுகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

முடிந்தவர்களுக்கு இன்னொரு யோசனை. நாமே ஓட்டும் வாடகைக் கார் கிடைக்கிற ஊர் என்றால், அதே மாடலை ஒரு வார இறுதிக்கு எடுத்துச் சொந்த ஊருக்குப் போய் வாருங்கள். சில ஆயிரம் ரூபாய் ஆகும். பத்து வருடம் வைத்திருக்கப்போகும் பொருளுக்கு அது அதிகமில்லை. அந்தக் கார் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிப் பலர் கைபட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் கார் சில வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதை இன்றே பார்த்துவிடலாம். சாலை சத்தம், உள்ளே கடகடவென்று தட்டும் பிளாஸ்டிக், இருக்கைத் துணியின் நிலை எல்லாம் தெரிந்துவிடும்.

9. கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

வாங்கப்போகும் மாடலுக்குத் திரும்ப அழைப்பு (விற்ற கார்களின் குறையைச் சரிசெய்ய நிறுவனம் அழைப்பது) ஏதும் இருந்ததா என்று தேடுங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஏழு வருடத்துக்குட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறை இருந்தால் நிறுவனம் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்ய அரசு உத்தரவிடலாம். திரும்ப அழைப்பு இருந்தது என்பதாலேயே ஒரு மாடலைத் தள்ளாதீர்கள். குறையை ஒத்துக்கொண்டு சரிசெய்த நிறுவனத்தை நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்புவேன். உரிமையாளர்களிடம் கேட்டபோது ஒரே விலை உயர்ந்த பாகம் திரும்பத் திரும்ப வந்தால், நீட்டித்த வாரண்டியில் அந்தப் பாகம் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கார் வந்த பிறகு கோளாறு தெரிந்தால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். சர்வீஸ் சென்டரில் செய்ய வேண்டிய வேலையைக் குறிக்கும் சீட்டான ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள்: 'எஞ்சின் சூடானபின் இரண்டாம் கியரில் உதறல், 6,200 கி.மீ.' என்பது போல. 'பொதுச் சோதனை' என்று எழுதினால் கையெழுத்துப் போட வேண்டாம். சத்தமோ உதறலோ வரும்போது பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், தேதியோடு இருக்கட்டும். 'இந்த மாடலே அப்படித்தான் சார்' என்றால், ஷோரூமில் உள்ள டெஸ்ட் டிரைவ் வண்டியை அதே சாலையில் உங்களோடு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மூன்று முறை போயும் தீரவில்லை என்றால் ஜாப் கார்டு நகல்களோடு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள்.

டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் போட்ட தேதி, கிலோமீட்டர், லிட்டர், சர்வீஸ் பில், மாற்றிய பாகம் ஆகியவற்றை மட்டும் குறித்தால் போதும். நான் இரண்டாவது காரிலிருந்து இதைச் செய்கிறேன். போன மாதம் எங்கள் அடுக்ககத்தில் புதிதாகக் குடிவந்த ஒரு தம்பி, கார் நிறுத்தும் இடத்தில் தயங்கித் தயங்கி வந்து, 'சார், இந்த வண்டி எப்படி?' என்று கேட்டார். அந்த நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இரவு முழுவதும் வைத்திருந்து காலையில் திருப்பிக் கொடுத்தார், உள்ளே அவர் எழுதிய பன்னிரண்டு கேள்விகளோடு.